செவிலியர் கல்வியும் சினத்தைக் கையாளும் பயிற்சியும்: வட ஆற்காட்டுப் பின்னணியில் ஒரு வரலாறு

செவிலிய மாணவர்கள் தங்களுக்கு ஏற்படும் சினத்தை உரிய நேரத்தில் அறிந்து, அதன் பின்னால் உள்ள எண்ணத்தை ஆராய்ந்து, பிறருக்கும் தமக்கும் தீங்கு நேராத வகையில் அதை வெளிப்படுத்தக் கற்பிக்கும் பயிற்சி, செவிலியக் கல்வியில் ஒப்பீட்டளவில் புதியது. இது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் உளவியல் முறையை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டில் முறையான செவிலியக் கல்வி தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. அதில் பெரும்பகுதிக் காலம் மாணவியின் சினம் ஓர் ஒழுங்கீனமாக மட்டுமே கருதப்பட்டது. அது ஆராய்ந்து பார்க்கத்தக்க ஓர் உணர்ச்சி என்ற நிலைக்குக் கல்வி எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. செவிலியக் கல்வியில் இந்தியாவின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று வேலூரில் உள்ளதால், வேலூர், ஆரணி, செய்யாறு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டம் இங்கு மையமாகக் கொள்ளப்படுகிறது.

வட்டாரப் பின்புலம்

செய்யாறு, அதே பெயருடைய ஆற்றின் கரையில் உள்ள ஊர். பேச்சு வழக்கில் செய்யார் என்பர். நகராட்சியின் பெயர் திருவத்திபுரம், தேவாரத்தில் திருவோத்தூர். இதன் அண்டை வட்டமான ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. இவ்விரு ஊர்களும் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தில் சேர்ந்தன.

நிர்வாகம் பிரிந்தாலும் மருத்துவத்திற்கு வேலூரை நாடும் வழக்கம் இவ்வட்டாரத்தில் தொடர்கிறது. ஆரணியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இத்தொடர்புக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1853இல் ஸ்கட்டர் குடும்பத்தினர் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷன் இப்பகுதியில் பள்ளிகளையும் மருத்துவப் பணியையும் நடத்தியது. அதன் தொடக்ககால நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கட்டர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900இல் வேலூருக்குத் திரும்பினார். ஆண் மருத்துவரிடம் பெண்களைக் காட்ட மறுக்கும் குடும்பங்கள் நிறைந்திருந்த காலம் அது. 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது, பயிற்சி பெற்ற செவிலியரும் வேண்டும் என்பது விரைவில் தெளிவானது. 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அமெரிக்கச் செவிலியர் டீலியா ஹோட்டன் அதை நடத்தினார்.

அதற்கு முன்பே சென்னையில் பயிற்சி தொடங்கியிருந்தது. 1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சியே இந்தியாவின் முதல் செவிலியர் பள்ளி எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

அமைதிக்கு மதிப்பெண்

இப்பள்ளிகள் அனைத்திற்கும் முன்மாதிரியாக இருந்தது, புளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தொடங்கப்பட்ட பள்ளி. செவிலியப் பணியை மதிப்புள்ள தொழிலாக மாற்றியது அப்பள்ளியே. அதே நேரத்தில் அங்குக் கட்டுப்பாடு மிகக் கடுமையானது. பயிற்சி பெறும் ஒவ்வொரு பெண்ணின் நடத்தையும் மாதந்தோறும் ஒரு படிவத்தில் பதிவு செய்யப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை, வார்டு பராமரிப்பு, ஒழுங்கு ஆகியவை அப்படிவத்தின் தலைப்புகள். ‘அமைதி’ என்பது தனியாக அளக்கப்பட்ட ஒரு தகுதி என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. குரல் உயர்த்துவதும் எதிர்த்துக் கேட்பதும் ஒரு பெண்ணின் பயிற்சியையே முடித்துவிடக் கூடியவையாக இருந்தன.

ஆனால் நைட்டிங்கேல் சினமே கொள்ளாதவர் அல்லர். கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தால் இறந்ததைவிட நோயால் இறந்தது மிகுதி என்று கண்டபோது அவர் கொண்ட சினம் பல ஆண்டுகள் தணியவில்லை. அதை அவர் இறப்புக் கணக்குகளாகவும் வரைபடங்களாகவும் மாற்றி 1858இல் அரசின் முன் வைத்தார். இராணுவ மருத்துவமனைகளின் சுகாதாரம் சீர்திருத்தப்பட அவை துணைசெய்தன. தலைவி தன் சினத்தை எழுத்தாக்கி வென்றார். அவர் பெயரால் நடந்த பள்ளிகளில் மாணவியர் தம் சினத்தை விழுங்கக் கற்றனர். செவிலியக் கல்வி இந்த முரணை நெடுங்காலம் சுமந்தது.

தமிழ்நாட்டில் இந்த அமைதிக்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. நோயாளியின் கழிவைத் தொடும் வேலை என்பதால் சாதி மனப்பான்மை கொண்ட சமூகம் செவிலியப் பணியைத் தாழ்வாகப் பார்த்தது. இரவு நேரத்தில் வெளியே வேலை செய்யும் பெண் என்ற ஏளனமும் இருந்தது. பெண் பிள்ளை கோபப்படலாகாது என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்டவள், பயிற்சிப் பள்ளியிலும் அதையே கேட்டாள். மருத்துவர், மேட்ரன், வார்டு சிஸ்டர், மூத்த மாணவி என்ற வரிசையில் எல்லோருக்கும் கீழே நின்றவள் முதலாண்டு மாணவி. அவளுக்கும் கீழே இருந்தவர் ஒருவரே. அவர் படுக்கையில் கிடந்த நோயாளி.

போர் குழு கண்ட நிலை

செவிலியரின் நிலையை நாடளவில் எழுத்தில் வைத்தது, சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த குழு. அப்போதைய இந்தியாவில் பதிவுபெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர் மட்டுமே எனவும், 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே உள்ளார் எனவும் அக்குழு கணக்கிட்டது. குறைந்த ஊதியம், மிகையான வேலை, போதாத தங்குமிடம் ஆகியவற்றையும் சுட்டியது.

அதே 1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. வேலூர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. 1947இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. செவிலியம் இதனால் பல்கலைக்கழகப் பாடமாயிற்று; உளவியல், சமூகவியல் முதலியவை செவிலிய மாணவர்களைச் சென்றடைய வழி பிறந்தது. எனினும் அந்த உளவியல் நோயாளியைப் புரிந்துகொள்வதற்கானது. மாணவியின் மனம் அதன் பாடப்பொருளாக இன்னும் ஆகவில்லை.

செவிலியரின் மனம் பாடமாதல்

இம்மாற்றத்தின் முதற்படியாக அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லோ 1952இல் வெளியிட்ட நூலைச் சொல்லலாம். செவிலியத்தின் உயிர்நாடி செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே என்று அவர் வாதிட்டார். அப்படியானால் அவ்வுறவில் செவிலியர் கொண்டுவரும் அச்சம், எரிச்சல், சினம் ஆகியவையும் சிகிச்சையைப் பாதிக்கும். எனவே செவிலியர் தம்மைத் தாமே அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி.

இரண்டாவது படி, இலண்டன் மருத்துவமனை ஒன்றில் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் செய்து 1960இல் வெளியிட்ட ஆய்வு. பயிற்சியில் சேர்ந்த மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இடையிலேயே விலகுவதற்குக் காரணம் தேடியபோது, மருத்துவமனையின் வேலைமுறையே மாணவியரை உணர்ச்சியிலிருந்து விலக்கி வைப்பதற்காக அமைந்திருப்பதை அவர் கண்டார். ஒரு மாணவி ஒரே நோயாளியுடன் நெருங்காதபடி வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலோ நோயுற்ற உறுப்பாலோ குறிப்பிடும் வழக்கம் இருந்தது. பதற்றத்திலிருந்து காப்பதற்காக ஏற்பட்ட இம்முறை, அக்கறை மிகுந்த மாணவியரை வெளியேறச் செய்தது. தனி ஒருத்தியின் குறை என எண்ணப்பட்டது, நிறுவனத்தின் அமைப்பிலும் வேர் கொண்டிருக்கக்கூடும் என்பதை இவ்வாய்வு காட்டியது.

இந்தியாவில் 1954இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் நிம்ஹான்ஸ் ஆனது. அங்கு மனநலச் செவிலியருக்குத் தனிப் பட்டயப் படிப்பும் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் முயற்சியால் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பது இம்மையத்தின் தனிச்சிறப்பு. கத்துபவரையும் அடிக்க வருபவரையும் பூட்டி வைக்காமல், அந்தச் சினத்திற்கு என்ன காரணம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும் முறை இவ்வகை மையங்களின் வழியே மருத்துவத்தில் வேரூன்றியது. நோயாளியின் சினத்தை இவ்வாறு கேட்கலாம் என்றால், மாணவியின் சினத்தையும் கேட்கலாம் அல்லவா என்ற கேள்வி அடுத்து எழுவது இயல்பு.

சினம் பற்றிய சிந்தனை மரபும் உளவியலும்

சினம் தணிக்கத்தக்கது என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஆத்திசூடியின் இரண்டாம் அடியே சினத்தைப் பற்றியது. திருக்குறளின் 31ஆம் அதிகாரம் ‘வெகுளாமை’. தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பதே உண்மையான அடக்கம் என்பது அதன் முதற்குறளின் கருத்து. வார்டின் படிநிலையோடு பொருத்திப் பார்த்தால் இக்கருத்தின் கூர்மை விளங்கும். மருத்துவரிடம் மாணவியின் சினம் செல்லாது. அங்கு அவள் அடங்குவது அச்சத்தால். நோயாளியிடம் அது செல்லும். அங்கு அடங்குவதே பண்பு. மேலைநாட்டில் உரோமானிய அறிஞர் செனெகா கி.பி. முதல் நூற்றாண்டில் சினத்தைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட நூல் எழுதினார்.

அடக்கு என்று சொல்வது எளிது. அடக்குவது எப்படி என்று படிப்படியாகக் கற்பிக்க முற்பட்டது இருபதாம் நூற்றாண்டு உளவியல். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களின் நடுவில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். நிகழ்ச்சி நேரடியாக உணர்ச்சியை உண்டாக்குவதில்லை. நிகழ்ச்சியைப் பற்றி நாம் கொள்ளும் நம்பிக்கையே உணர்ச்சியை உண்டாக்குகிறது என்பது அதன் அடிப்படை. கிரேக்க ஞானி எபிக்டெட்டஸிடமிருந்து இக்கருத்தைப் பெற்றதாக எல்லிஸ் கூறினார். 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வுற்றோரிடம் தாமாகவே தோன்றி மறையும் எதிர்மறை எண்ணங்களைக் கவனித்து, அவற்றை எழுதி ஆராயும் முறையை வளர்த்தார்.

இம்முறையைச் சினத்திற்கென்றே வடிவமைத்தவர் ரேமண்ட் நோவாக்கோ. அவருடைய நூல் 1975இல் வெளிவந்தது. சினத்தைப் பற்றி அறிதல், அதைக் கையாளும் திறன்களைக் கற்றல், கற்றவற்றைச் சிறிது சிறிதாகக் கடுமையாகும் சூழல்களில் பயன்படுத்திப் பார்த்தல் என்று மூன்று கட்டங்களை அவர் அமைத்தார். 1977இல் காவலர் பயிற்சிக்கும் இம்முறையைப் பொருத்தி எழுதினார். நோயுற்றவருக்கான சிகிச்சையாக இருந்த ஒன்று, நெருக்கடியான தொழில் செய்வோருக்கான பயிற்சியாக மாறிய இடம் இது. செவிலிய மாணவர்களுக்கான பயிற்சிகளும் இந்த வழியில் வந்தவையே.

சினத்தை அளக்கும் கருவியும் கிடைத்தது. சார்லஸ் ஸ்பீல்பெர்கர் 1988இல் வெளியிட்ட வினாநிரல், அப்போதைக்கு எழும் சினத்தையும் ஒருவரின் இயல்பாகவே உள்ள சினப்போக்கையும் பிரித்துக் காட்டியது. சினத்தை உள்ளே வைத்துக் குமைதல், வெளியே காட்டுதல், கட்டுப்படுத்துதல் என வெளிப்பாட்டையும் வகைப்படுத்தியது. வெளியே அமைதியாகத் தெரியும் மாணவி உள்ளே குமையக்கூடும் என்பதை எண்ணால் காட்ட இது உதவியது. நைட்டிங்கேல் பள்ளியின் படிவத்தில் முழு மதிப்பெண் பெறக்கூடிய மாணவி, இந்த வினாநிரலில் கவலைக்குரியவராகத் தெரியலாம்.

பயிற்சி நடைபெறும் முறை

பயிற்சி பொதுவாகச் சிறு குழுக்களாக, வாரம் ஒன்று அல்லது இரண்டு அமர்வுகளாக, சில வாரங்கள் நடைபெறுகிறது. இதன் முக்கியக் கூறுகள் வருமாறு.

முதலாவது, உடல் அறிகுறிகளை அறிதல். சினம் முற்றுவதற்கு முன்பே தாடை இறுகுகிறது, மூச்சு வேகமாகிறது, கை நடுங்குகிறது. இவற்றைத் தன்னிடம் கண்டுகொள்ள மாணவர் பழகுகிறார்.

இரண்டாவது, சிந்தனைக் குறிப்பேடு. நடந்தது என்ன, அப்போது மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, எவ்வளவு சினம், அதன்பின் செய்தது என்ன என நான்கு பத்திகளில் எழுதுவது. காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் வேளைதோறும் குறித்து வைக்கப் பழகிய செவிலிய மாணவருக்கு இது கைவந்த வேலை. நோயாளியின் வெப்பநிலையைக் குறிப்பதுபோல் தன் சினத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கிறார்.

மூன்றாவது, எண்ணத்தைச் சோதித்தல். இதுவே பயிற்சியின் இதயம்.

எடுத்துக்காட்டாக ஒரு சூழலைக் கருதலாம். காலை டியூட்டியில் ஒரு மாணவி இரத்த அழுத்த அளவைக் கேஸ் ஷீட்டில் குறிக்கத் தவறிவிடுகிறாள். வார்டு சிஸ்டர் நோயாளிகள் முன்னிலையில் ‘படிக்க வந்தியா, வேடிக்கை பார்க்க வந்தியா?’ என்று கேட்கிறார். மாணவி பேசாமல் நிற்கிறாள். சிறிது நேரத்தில் தண்ணீர் கேட்ட ஒரு பாட்டியிடம் ‘கொஞ்சம் சும்மா இருங்க பாட்டி’ என்று எரிந்து விழுகிறாள். அன்று மாலை குறிப்பேட்டில் அவள் எழுதும் எண்ணங்கள் மூன்று என வைத்துக்கொள்வோம்: ‘சிஸ்டருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது’, ‘எல்லார் முன்னாலும் என் மானம் போய்விட்டது’, ‘தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்’.

குழுவில் இம்மூன்றும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதல் எண்ணத்திற்குச் சான்று உண்டா? அதே சிஸ்டர் அன்று காலை வேறு இருவரையும் கடிந்துகொண்டார் எனில் அது ஊகம் மட்டுமே. இரண்டாவது மிகைப்படுத்தல், ஒரு கடுஞ்சொல்லால் முழு மதிப்பும் போவதில்லை. மூன்றாவது எண்ணத்தில் பிழை இல்லை, அது நியாயமானது. ஆகவே முதல் இரண்டையும் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவதை உரியவரிடம் உரிய முறையில் சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்ட பாட்டிக்கு இம்மூன்றிலும் தொடர்பே இல்லை என்பதும் அப்போது மாணவிக்குத் தெரிகிறது.

நான்காவது, உடலைத் தளர்த்துதல். எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறைப்படி தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவதும், மெதுவாக மூச்சு விடுவதும் கற்பிக்கப்படுகின்றன.

ஐந்தாவது, உறுதியாகப் பேசப் பழகுதல். பணிந்து போவதற்கும் சீறுவதற்கும் நடுவில் ஒரு மூன்றாம் வழி உண்டு. ‘சிஸ்டர், நான் குறிக்காதது தப்புதான். இனிமேல் பார்த்துக்கிறேன். அடுத்த முறை தனியா கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்’ என்பதுபோல் பேச, மாணவர்கள் ஒருவர் சிஸ்டராகவும் ஒருவர் மாணவியாகவும் நடித்துப் பழகுகின்றனர். எழுதிப் பார்க்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த மூன்று வாக்கியங்களை நேரில் சொல்லப் பல முறை பழக வேண்டியிருக்கும்.

பயன் குறித்த சான்றுகள்

கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிட்டால் ஆறிவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. அமெரிக்காவில் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனை இதை மறுத்தது. தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குச் சினம் கூடியது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களே அவர்களைவிட அமைதியாயினர்.

அறிவாற்றல் நடத்தை முறைக்கு ஆதரவான சான்று வலுவானது. ரிச்சர்ட் பெக், எஃப்ரம் ஃபெர்னாண்டஸ் இருவரும் 50 ஆய்வுகளை, மொத்தம் 1,640 பேரின் முடிவுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டனர். இம்முறையில் பயிற்சி பெற்ற சராசரி நபர், பயிற்சி பெறாதவர்களில் 76 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்பது அவர்களின் முடிவு.

தமிழ்நாட்டில் 1988இல் செயல்படத் தொடங்கிய டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த செவிலியக் கல்லூரிகளின் முதுநிலை மாணவர்கள், மாணவர்களின் மன அழுத்தம், சினம் முதலியவற்றை ஆய்வேடுகளுக்கு எடுத்துக்கொள்வது வழக்கமாகியுள்ளது. பயிற்சிக்கு முன் ஒரு அளவீடு, பின் ஓர் அளவீடு என்ற அமைப்பே இவற்றில் மிகுதி. இவ்வகை ஆய்வைப் படிக்கும் மாணவர்கள் சில கேள்விகளை மனத்தில் கொள்வது நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத குழு இருந்ததா? பயிற்சி தந்தவரே மதிப்பெண்ணும் இட்டாரா? ஆறு மாதம் கழித்துப் பயன் நிலைத்ததா? தம் ஆசிரியர் தரும் வினாநிரலில் மாணவர்கள் சினம் குறைந்ததாகவே எழுத விரும்புவர் என்பதையும் மறக்கலாகாது.

நியாயமான சினமும் பயிற்சியின் எல்லையும்

இப்பயிற்சியை எதிர்ப்போர் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்கின்றனர். ஆள் பற்றாக்குறையாலும் அவமதிப்பாலும் எழும் சினத்திற்கு மாணவியின் எண்ணத்தைத் திருத்துவதா மருந்து? பழைய ‘அமைதி’ப் படிவமே உளவியலின் பெயரால் மீண்டும் வருகிறதா? அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலில், சிரித்த முகம் காட்டுவதே சில தொழில்களில் ஊதியத்திற்கான உழைப்பாகிவிடுவதை விளக்கி, அவ்வுழைப்பை உணர்ச்சி உழைப்பு என்றார். செவிலியருக்கும் அது பொருந்தும்.

தமிழ்நாட்டின் அண்மை வரலாறு இக்கேள்வியின் நியாயத்தைக் காட்டுகிறது. மருத்துவப் பணியாளர்கள் தாக்கப்படுவதைத் தடுக்க 2008இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதன்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது எனப் பரிந்துரைத்தது. 2017 நவம்பரில் அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்தச் செவிலியர் ஆயிரக்கணக்கில் சென்னை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் கூடிப் போராடினர். அவர்களின் தொகுப்பூதியம் அப்போது மாதம் 7,700 ரூபாய். அந்தச் சினத்தை எண்ணப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

சரியாகக் கற்பிக்கப்படும் பயிற்சி இதை மறுப்பதில்லை. குறிப்பேட்டின் பயன் சினத்தை அழிப்பதில் இல்லை. பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒரு பகுதி தன் ஊகம். அதைத் தானே திருத்தலாம். ஒரு பகுதி தூக்கமின்மையும் பசியும். அதற்கு ஓய்வு வேண்டும். ஒரு பகுதி உண்மையான அநீதி. அதைத் தேதியுடன் எழுதி ஆசிரியரிடமோ, கல்லூரிக் குறைதீர் குழுவிடமோ, சங்கத்திடமோ கொண்டுசெல்ல வேண்டும். இந்திய பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908 முதல் இயங்கி வருகிறது; 2016 தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கைத் தொடுத்ததும் அச்சங்கமே. பிரிக்கப்படாத சினம் எங்குப் போகும் என்பதற்கு மேலே கண்ட பாட்டியே சான்று. அது மேலே செல்ல வழியின்றிக் கீழே இறங்குகிறது.

மறுபக்கம், பயிற்சி மட்டும் தந்துவிட்டு டியூட்டி நேரத்தையும் திட்டும் முறையையும் மாற்றாத நிறுவனம், மென்சீஸ் கண்ட நிலையிலேயே நிற்கும். வார்டு சிஸ்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இதே பயிற்சி தேவை. கடிந்துகொள்ளும் சிஸ்டரும் ஒரு காலத்தில் கடியப்பட்ட மாணவியாக இருந்தவரே.

இன்றைய நிலை

இந்திய செவிலியர் மன்றம் இளநிலைச் செவிலியப் பாடத்திட்டத்தை 2021இல் திருத்திப் பருவ முறைக்கு மாற்றியது. முதற்பருவத்திலேயே பயன்பாட்டு உளவியல் ஒரு பாடமாக உள்ளது. வார்டில் காலெடுத்து வைக்கும் காலத்திலேயே மாணவர் மனத்தைப் பற்றிப் படிக்கிறார் என்பது நல்ல வாய்ப்பு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ விடுதி மாணவர்களும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். சினம் அடிக்கடி கட்டுமீறிப் போனாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணம் தோன்றினாலோ குழுப் பயிற்சி போதாது; மனநல மருத்துவரின் உதவி வேண்டும்.

செய்யாறு, ஆரணி போன்ற ஊர்களிலிருந்து விடுதிக்குச் செல்லும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவி ஒருத்திக்கு இப்பயிற்சியின் பொருள் தனியானது. குடும்பம் கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கும்போது படிப்பை விட்டு விலகுவது அவளுக்கு எளிதன்று. எதிர்த்துப் பேசுவதும் எளிதன்று. விழுங்குவது, வெடிப்பது என்ற இரண்டு வழிகளுக்கு அப்பால் எழுதிப் பார்ப்பது, பிரித்துப் பார்ப்பது, உரியவரிடம் உறுதியாகச் சொல்வது என்ற மூன்றாம் வழியை இப்பயிற்சி அவளுக்குத் தருகிறது. நைட்டிங்கேல் தமக்கென வைத்துக்கொண்ட வழி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கடைசி வரிசை மாணவிக்கும் கற்பிக்கப்படுகிறது. அது முழுமையாக அவள் கைக்கு வர, அவள் சொல்வதைக் கேட்க மேலே ஒருவர் இருப்பதும் அவசியம்.